பிளஸ் பக்கமே நின்ன முள்

நம்ம வயசு ஆளுங்ககிட்ட ஒரு பழக்கம் இருக்கு. பட்டப்பகல்ல எதிர்ல வர்ற பைக்ல லைட் எரிஞ்சா போதும், உடனே கையைத் தூக்கி விரலை மூடி மூடித் திறந்து காட்டுவோம். லைட்டை அணைப்பா, பேட்டரி இறங்கிடும்னு அர்த்தம். ஓட்டிட்டு வர்ற பையன் நம்மளை ஒரு மாதிரியா பார்த்துட்டுப் போவான். இப்ப வர்ற வண்டியில லைட்டை அணைக்க சுவிட்சே கிடையாது, எஞ்சின் ஓடுனா லைட்டும் எரியும்னு வீட்ல பிள்ளைங்க எத்தனை தடவை சொன்னாலும் நம்ம கை கேக்கறதில்ல. போன வாரம் ராயக்கோட்டை ரோட்டுல ஒருத்தரு எனக்கே கை காட்டுறாரு. நம்ம பள்ளிக்கூடத்துல கூடப் படிச்சவர்தான், யாருன்னு சொல்ல மாட்டேன், இதைப் படிக்கிறப்ப அவருக்கே தெரியும். வண்டியை ஓரங்கட்டி, "ஏம்ப்பா, உனக்கு இன்னும் புத்தி வரலையா"ன்னு கேட்டேன். என்னை அடையாளம் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆச்சு அவருக்கு, தலைமுடியெல்லாம் ரெண்டு பேருக்கும் அப்படி ஆகிப்போச்சு. அப்புறம் ரோட்டோரமா நின்னு ரொம்ப நேரம் சிரிச்சோம்.

வீட்டுக்கு வந்தும் அந்தக் கை காட்டுற புத்தி மனசுல ஓடிக்கிட்டே இருந்துச்சு. எரிஞ்சா தீந்துடும், அணைச்சு வச்சா மிஞ்சும். இதுதானே நம்ம வீடுங்கள்ல நமக்குச் சொல்லிக் குடுத்தது. எங்க வீட்ல ஒரு மார்கழி மாசம் பூரா இந்தப் புத்தி ஆடுன ஆட்டம் இருக்கே, அதை உங்ககிட்ட சொல்லாம யாருகிட்ட சொல்றது.

அப்ப நாங்க கெலமங்கலத்துல ஒரு லைன் வீட்ல குடியிருந்தோம். அப்பா கோவில்பட்டி பக்கத்துல இருந்து வந்தவரு, ஓசூர்ல ஒரு வார்ப்படக் கம்பெனியில வேலை. உங்கள்ல பாதிப் பேரு வீட்டுக் கதையும் இதேதான். வீட்டுக்குள்ள ஒரு தமிழ், வாசல்ல இன்னொரு தமிழ், மளிகைக் கடையில கன்னடம், தக்காளி வண்டிக்காரர்கிட்ட தெலுங்கு. ஊருக்குப் போனா சித்தி பிள்ளைங்க, "இவ என்ன பேசுதா"ன்னு என்னைக் கேலி பண்ணுவாங்க. இங்க வந்தா எங்கப்பா பேசுறதைத் தெருப் பசங்க கேலி பண்ணுவாங்க.

எங்ககிட்ட ஒரு பெரிய வண்டி இருந்துச்சு. பெரியப்பா ஓட்டிக்கிட்டு இருந்தது, அவரு கண்ணு மங்குனதும் தம்பிக்குக் குடுத்துட்டாரு. தெருமுனையில திரும்புறப்பவே சத்தத்தை வச்சு எங்கப்பா வர்றாருன்னு ஊருக்கே தெரியும். நான் பெட்ரோல் டேங்க் மேல உக்காந்துக்குவேன். என் கண்ணுக்கு நேரா, ஹெட்லைட்டோட மண்டையில, சாவித்துவாரத்துக்குப் பக்கத்துல, எட்டணா காசு அளவுக்கு ஒரு கண்ணாடி வட்டம் இருக்கும். அதுல ஒரு பக்கம் மைனஸ், ஒரு பக்கம் பிளஸ், நடுவுல ஆடுற ஒரு சின்ன முள். அதுதான் அம்மீட்டர். பேட்டரிக்குள்ள கரண்ட் ஏறுனா முள்ளு பிளஸ் பக்கம் போகும், பேட்டரியில இருந்து கரண்ட் இறங்குனா மைனஸ் பக்கம் போகும். இப்ப எந்த வண்டியிலயும் அது இல்ல. எங்க போச்சுன்னும் யாரும் கேக்கல. எனக்கு மட்டும் எந்தப் பழைய வண்டியைப் பார்த்தாலும் கண்ணு முதல்ல அங்கதான் போகுது.

எங்கப்பா அந்த முள்ளைப் படிக்கிற விதம் ரொம்ப சுலபம். பிளஸ்னா நல்லது, மைனஸ்னா கெட்டது. ரிப்போர்ட் கார்டு பார்க்கிற மாதிரி பார்ப்பாரு. "பாத்தியா ஏட்டி, பிளஸ்லயே நிக்குது, நம்ம வண்டி ராசா வண்டில்லா"ன்னு என் தலையில தட்டுவாரு.

அந்த வருஷம்தான் அம்மா வேலைக்குப் போக ஆரம்பிச்சுது. வண்டிங்களுக்கு மீட்டர் செய்யுற ஒரு கம்பெனி. வரிசையா பொம்பளைங்க உக்காந்திருப்பாங்க, கைக்கு வர்ற ஒவ்வொரு மீட்டருக்கும் கரண்ட் குடுத்து, முள்ளு கோட்டுல வந்து நிக்குதா, கரண்டை எடுத்ததும் திரும்பி வருதான்னு பார்க்கணும். ஒட்டிக்கிட்டு நின்னா ரிஜெக்ட். அம்மா வீட்ல கூட அந்த வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டுது. கருகுன தோசை ரிஜெக்ட், என் கையெழுத்து ரிஜெக்ட், ஒரு தடவை பெரியப்பா கொண்டு வந்த பூசணிக்காய் ரிஜெக்ட். அதுவரைக்கும் அம்மா அவ்வளவு சிரிச்சு நான் பார்த்ததில்ல. வேலைக்குப் போனா பொம்பளைங்க வாடிப்போவாங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. எங்கம்மாவுக்கு முகம் தெளிஞ்சுது.

ஆனா அது பயிற்சி வேலைதான். நல்லா வந்து போயிட்டு இருந்தா பொங்கலுக்கு அப்புறம் பெர்மனென்ட் பண்ணுவோம்னு சொல்லியிருந்தாங்க. காலை ஷிஃப்ட். கம்பெனி பஸ் கெலமங்கலத்துக்குள்ள வராது, ஓசூர் போற ரோட்டுல ஒரு பிரிவுல வந்து நிக்கும். அந்நேரத்துக்கு டவுன் பஸ்ஸும் கிடையாது. அதனால விடியறதுக்கு முன்னாடி அப்பா பெரிய வண்டியில கொண்டு போய் இறக்கி விட்டுட்டு, அப்படியே தன் கம்பெனிக்குப் போயிடுவாரு. நான் பக்கத்து வீட்டு அத்தைகிட்ட இருந்துட்டு பள்ளிக்கூடம் போவேன். வண்டி கிளம்பலைன்னா அம்மாவுக்கு பஸ் இல்ல. பஸ் இல்லைன்னா கேட்டுல லேட் மார்க். லேட் மார்க் சேந்தா பெர்மனென்ட் இல்ல. எனக்கே இது மனப்பாடம்.

மார்கழி பிறந்துச்சு, வண்டி படுத்துச்சு.

நம்ம பக்கத்துப் பனி உங்களுக்குத் தெரியும். வாசல்ல இருக்கிற துளசிச்செடியே தெரியாது. அப்பா சாவியைத் திருப்புவாரு, முள்ளு அசையாது, ஹாரன் தொண்டை கட்டுன மாதிரி ஒரு முனகல் முனகும். கிக்கரை மிதிச்சு மிதிச்சுப் பனியிலயும் அவருக்கு வேர்த்துடும். அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கிட்டுப் பின்னாடி தள்ளும், நானும் தள்ளுவேன். நாய்ங்க எல்லாம் எழுந்து குலைக்கும். சில நாள் கிளம்பும். சில நாள் கிளம்பாது. கிளம்பாத அன்னைக்கு அம்மா செருகுன சேலையை இறக்கி விடும். திரும்பி வந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, கட்டுன சோத்தை மறுபடி பாத்திரத்துல கொட்டும்.

மெக்கானிக் அண்ணன் பேட்டரியைத் தூக்கிப் பார்த்துட்டு, "சச்சிப்போயிந்தி சார்"ன்னாரு. செத்துப்போச்சாம். புது பேட்டரி போட்டோம். ரெண்டு வாரம் கூட ஆகல, அதுவும் செத்துப்போச்சு. அண்ணன் கெட்டவரு இல்ல, எங்களுக்காக உண்மையாவே வருத்தப்பட்டாரு. சார்ஜ் ஆகுதான்னு பார்க்க அவருகிட்ட ஒரு வித்தை இருந்துச்சு. எஞ்சினை முறுக்கி விட்டுட்டு, ஓடிக்கிட்டு இருக்கிறப்பவே பேட்டரி வயரைப் படக்குன்னு கழட்டுவாரு. வண்டி நிக்காம ஓடும். "பாத்தீங்களா, பேட்டரியே இல்லாம ஓடுது. சார்ஜிங்ல ஒரு குறையும் இல்ல. பேட்டரிதான் மோசம்"னு கையை உதறுவாரு. எங்கப்பாவுக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பெருமை. கூட நின்னவங்க எல்லாரும் தலையை ஆட்டுவாங்க. அப்படிக் கழட்டக் கூடாதுன்னு எங்க யாருக்கும் தெரியாது.

இன்னொரு பெருமையும் இருந்துச்சு. பேட்டரிக்கு அடிக்கடி தண்ணி ஊத்தணும், பெட்ரோல் பங்க்ல கேன்ல விக்கிற டிஸ்டில்டு வாட்டர். மூடியைத் திருகித் திறந்தா உள்ள வறண்டு கிடக்கும். அப்பா சின்னப் புனலை வச்சு ஊத்திக்கிட்டே, "நல்லா தண்ணி குடிக்குதுல்லா"ம்பாரு. கரிசக்காட்டுல மாடு வளர்த்த குடும்பம். மாடு நல்லா தண்ணி குடிச்சா ஆரோக்கியமா இருக்குன்னு அர்த்தம். அந்தக் கணக்கை அப்படியே பேட்டரிக்கும் போட்டுட்டாரு. நானும் எங்க வண்டி நல்லா தண்ணி குடிக்கும்னு பள்ளிக்கூடத்துல சொல்லியிருக்கேன்.

இதுக்கு நடுவுல வீட்ல வேற வேற வழக்கு ஓடுது. வண்டி நின்ன இடத்துல அழுகுன முட்டை நாத்தம். டூல் பெட்டிக்குள்ள அப்பா முட்டை பொட்டலத்தை மறந்து வச்சுட்டாருன்னு அம்மா சொல்ல, அவரு என்னைக் கேக்க, நான் அழ. அம்மாவோட சேலைக் கரையில பொட்டுப் பொட்டா ஓட்டை. நல்ல சேலையா பார்த்துத்தான் வரும். எலி கடிக்குதுன்னு அப்பா எலிப்பொறி வாங்கி வந்து வச்சாரு, வடை வச்சாரு, தேங்காத்துண்டு வச்சாரு, எலி வரல. சேலை மட்டும் பொத்தலாகிக்கிட்டே போச்சு. இப்ப யோசிச்சா எனக்குத் தலையில அடிச்சுக்கலாம் போல இருக்கு. அம்மா இடது பக்கமா காலைத் தொங்கப்போட்டு உக்காரும். பேட்டரி இருந்ததும் அதே இடது பக்கம். பேட்டரி கொதிச்சுத்தான் அந்த முட்டை நாத்தம், வழிஞ்ச ஆசிட் சேலையிலதான் பட்டிருக்கு. எல்லாம் கண்ணு முன்னாடியே இருந்துச்சு, ஒருத்தரும் சேத்துப் பார்க்கல.

அப்பா கண்டுபிடிச்ச வைத்தியம்தான் உச்சம். ஹெட்லைட் பல்பு வேற அடிக்கடி போயிட்டே இருந்துச்சு. பேட்டரிக்குச் சுமை ஜாஸ்தி, கரண்டை மிச்சம் பிடிக்கணும்னு முடிவு பண்ணிட்டாரு. ஹாரன் அடிக்கக் கூடாது. பிரேக் லைட் வயரைப் பிடுங்கிட்டாரு. ஹெட்லைட்டையும் போடறதில்ல. அந்தப் பனியில, அந்த இருட்டுல, பின்னாடி உக்காந்து எங்கம்மா அப்பாவோட தோளுக்கு மேல கையை நீட்டி மூணு பேட்டரிக் கட்டை போட்ட டார்ச்சை அடிச்சுக்கிட்டே போகும். வழியெல்லாம் தக்காளி லாரி, பூ மூட்டை வேன். அதுக்கு நடுவுல எங்கம்மாவும் அப்பாவும் டார்ச் வெளிச்சத்துலதான் போனாங்க.

ஞாயித்துக்கிழமை பெரியப்பா வருவாரு. எனக்குக் கடலை மிட்டாய் கொண்டு வருவாரு, என்னை மடியில வச்சுக்குவாரு, ரொம்பப் பாசக்காரரு. அதனாலதான் அவரு சொல்றதைத் தட்டிப் பேச வீட்ல யாருக்கும் வாய் வராது. "நான் ஓட்டுன வரைக்கும் அந்த வண்டி ஒரு நாள் மக்கர் பண்ணல. ஒத்தை ஆளா போனேன், வந்தேன். இப்ப விடியக்காலையில பனியில ரெண்டு ஆளு பாரம். வண்டியும் தாங்கல, அந்தப் பிள்ளையும் தாங்கல. பாரு, கண்ணெல்லாம் எப்படிச் செவந்து கிடக்கு. வேலையை விட்டுட்டு வீட்ல இருக்கச் சொல்லுப்பா"ன்னாரு.

அப்பா தரையைப் பார்த்துக்கிட்டே, "அதான் நானும் யோசிக்கேன்"னாரு.

அடுப்படியில அம்மா கரண்டியை வச்ச சத்தம் எனக்குக் கேட்டுச்சு. அன்னைக்கு அம்மா பக்கத்துல போய் ஒட்டி நின்னுக்கிட்டேன், என்ன பண்றதுன்னு தெரியாம. அம்மா சிரிப்பை யாரோ வீட்ல இருந்து எடுத்துட்டுப் போகப் போறாங்கன்னு எனக்குப் பயமா இருந்துச்சு.

திருப்பம் வந்தது அந்த டார்ச்சாலதான். ஒரு நாள் பள்ளத்துல வண்டி குலுங்க, அம்மா கை கீழ இறங்கி, டார்ச் வெளிச்சம் ரோட்டுல விழாம அம்மீட்டர் மேல விழுந்திருக்கு. வீட்டை விட்டுக் கிளம்பி ரொம்ப தூரம் வந்தாச்சு. முள்ளு இன்னும் பிளஸ்ல கடைசிக் கோட்டுல ஒட்டிக்கிட்டு நிக்குது.

"ஏங்க, இது ஏன் இன்னும் இங்கயே நிக்குது?"

"பிளஸ்லதானே நிக்குது. சந்தோசப்படு."

"எங்க லைன்ல முள்ளு இப்படி ஓரத்துல ஒட்டிக்கிட்டா ரிஜெக்ட்டுங்க."

"உங்க கம்பெனிச் சட்டமெல்லாம் எங்க வண்டிக்கு எதுக்கு?"

இந்தப் பேச்சை அன்னைக்குச் சாயங்காலம் ரெண்டு பேரும் மாறி மாறி நடிச்சுக் காட்டுனாங்க, அதனாலதான் எனக்கு அப்படியே தெரியும். அம்மா விடல. வாசல்ல வண்டி நிக்குறப்ப எஞ்சின் இல்லாம சாவியைப் போட்டு லைட்டைப் போடச் சொல்லுச்சு. அப்பா முணுமுணுத்துக்கிட்டே போட்டாரு. லைட் மங்கலா எரிஞ்சுது, முள்ளு ஒழுங்கா மைனஸ் பக்கம் வந்துச்சு. அணைச்சதும் நடுவுக்குத் திரும்பிடுச்சு. அம்மா இடுப்புல கையை வச்சுக்கிட்டு அதைப் பார்த்துக்கிட்டே இருந்துச்சு. "முள்ளு நல்லாத்தாங்க இருக்கு. ஒட்டல. அப்ப அது நிஜமாவே ஏதோ சொல்லுது, நமக்குத்தான் புரியல"ன்னுச்சு.

அம்மா வேலை செஞ்ச லைனுக்கு மூத்தவங்க தளிப் பக்கத்து அக்கா ஒருத்தங்க. தமிழும் கன்னடமும் கலந்துதான் பேசுவாங்க. மறுநாள் அம்மா அவங்ககிட்ட கேட்டிருக்கு. பேட்டரி நிறைஞ்சதுக்கு அப்புறமும் முள்ளு பிளஸ்லயே நின்னா நல்லதா கெட்டதான்னு. அந்த அக்கா கையில இருந்த மீட்டரைக் கீழ வைக்காமயே, "ஹொட்டெ தும்பித்மேலூ ஊட்டா ஹாக்தானே இத்ரெ ஏனாகத்தெ?"ன்னு கேட்டாங்களாம். வயிறு நிறைஞ்ச அப்புறமும் சோறு போட்டுக்கிட்டே இருந்தா என்ன ஆகும்?

வாந்திதான் எடுக்கும். அம்மா வீட்டுக்கு வந்து அந்தக் கன்னட வாக்கியத்தை அப்படியே சொல்லிட்டு, கொடியில கிடந்த சேலையை எடுத்து ஓட்டையில விரலை விட்டுக் காட்டுச்சு. "எலி இல்லைங்க. வாந்தி."

அப்பா சேலையைக் கையில வாங்கிப் பார்த்தாரு. அப்புறம், "அப்ப நாம லைட்டை அணைச்சு வச்சது?"ன்னு மெதுவா கேட்டாரு.

"லைட்டாவது கொஞ்சம் சாப்பிட்டிருக்கும். அதையும் அணைச்சுட்டோம். மொத்தமும் பேட்டரி தலையிலயே விழுந்திருக்கு."

எனக்கு முழுசா புரியல. ஆனா எங்கப்பா முகம் மாறுனது புரிஞ்சுது. பிடுங்குன பிரேக் லைட் வயரை டார்ச் அடிச்சுத் தேடிக்கிட்டு இருந்தாரு.

இருந்தாலும் சந்தேகம் தீரணுமே. அந்த அக்காவோட தம்பி தளியில ரேடியோ ரிப்பேர் கடை வச்சிருந்தாரு. அவரோட மல்டிமீட்டரை ஒரு துண்டுல சுத்தி அக்கா குடுத்து விட்டாங்க. அதுலயும் முள்ளுதான், அப்ப நம்பர் ஓடுற மீட்டரெல்லாம் எங்க இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை மெக்கானிக் அண்ணன் கடைக்கு மூணு பேரும் போனோம். அம்மா மெக்கானிக் கடைக்கு வந்தது அன்னைக்குத்தான் முதல் தடவை. அண்ணன் ஸ்டூலைத் துடைச்சுப் போட்டாரு. அம்மா உக்காரல.

பேட்டரியோட ரெண்டு முனையில வயரை வச்சாங்க. எஞ்சின் ஓடாதப்ப பன்னெண்டு வோல்ட்டுக்குக் கிட்ட. ஓட விட்டதும் ஏறுச்சு. அப்பா ஆக்சிலரேட்டரை முறுக்க முறுக்க முள்ளு பதினாலைத் தாண்டி, பதினஞ்சைத் தாண்டி, பதினாறையும் தாண்டிப் போய்க்கிட்டே இருந்துச்சு.

"மீட்டர் கோளாறா இருக்கும்மா"ன்னாரு அண்ணன்.

"இருக்கலாம்ண்ணா. அந்த வண்டியில ஒரு தடவை வச்சுப் பார்ப்போமா?"

பக்கத்துல சர்வீஸுக்கு வந்த ஒரு வண்டி நின்னுச்சு. அதுல வச்சாங்க. முறுக்குனாங்க. பதினாலரைக்குக் கிட்ட வந்து அங்கயே நின்னுடுச்சு. எவ்வளவு முறுக்குனாலும் அதுக்கு மேல போகல. மறுபடி எங்க வண்டி. மறுபடி பதினாறைத் தாண்டுச்சு. அண்ணன் கையைத் துடைச்சுக்கிட்டு உக்காந்து, சீட்டுக்குக் கீழ இருந்த ஒரு சின்ன அலுமினியப் பெட்டியைக் கழட்டி முகர்ந்து பார்த்தாரு. என்கிட்டயும் நீட்டுனாரு. பிளாஸ்டிக் தீஞ்ச நாத்தம்.

அதுதான் ரெகுலேட்டர். போதும்னு சொல்ற வேலை அதோடது. அது கருகிப் போனதால, போதும்னு சொல்ல ஆளில்லாம கரண்ட் பாட்டுக்கு ஏறிக்கிட்டே இருந்து, பேட்டரித் தண்ணியைக் கொதிக்க வச்சு வத்த விட்டிருக்கு, பல்பையும் எரிச்சிருக்கு. ஓடுற வண்டியில வயரைக் கழட்டுனா இதுக்கு அடி விழும்னு அந்த ரேடியோ கடைத் தம்பி சொல்லி அனுப்பியிருந்தாரு. அம்மா அதை ரொம்பப் பக்குவமா, "அப்படியும் சொல்றாங்கண்ணா"ன்னு சொல்லுச்சு. அண்ணன் தலையைச் சொறிஞ்சாரு. "நான் இன்னா பண்ணுவேம்மா, எங்க குரு அப்படித்தான் பார்த்தாரு, நானும் அப்படியே பார்த்தேன்"னு சொல்லிட்டுச் சிரிச்சாரு. அடுத்த மாசம் அவரு கடையில ஒரு மல்டிமீட்டர் தொங்குச்சு, சாமி படத்துக்குப் பக்கத்துல.

வேற ரெகுலேட்டர் போட்டாரு. பேட்டரியில தண்ணி ஊத்தி, ராத்திரி வரைக்கும் மெதுவா சார்ஜ் ஏத்திக் குடுத்தாரு. அது தாங்குமா தாங்காதான்னு அவருக்கே நிச்சயம் இல்ல. "உயிர் இருந்தா பொழைச்சுக்கும்"னாரு. மறுநாள் திங்கக்கிழமை. அம்மாவோட மேனேஜர், இனி ஒரு நாள் லேட்டா வந்தாலும் உன் பேரை பெர்மனென்ட்டுக்கு நான் அனுப்ப மாட்டேன்னு தெளிவா சொல்லிட்டாரு. அதையும் அம்மா எங்ககிட்ட அன்னைக்குத்தான் சொல்லுச்சு.

பக்கத்து வீட்டு அத்தை பொங்கலுக்கு ஊருக்குப் போயிட்டாங்க. அதனால அன்னைக்கு என்னையும் எழுப்பி, ஸ்வெட்டர் மேல ஸ்வெட்டர் போட்டு, டேங்க் மேல உக்கார வச்சாங்க. அம்மாவை இறக்கி விட்டுட்டு என்னை ஓசூர்ல பெரியப்பா வீட்ல விடறதாத் திட்டம். டேங்க் சில்லுன்னு இருந்துச்சு. அப்பா கிக்கரை மிதிச்சாரு. மூணாவது மிதியில பிடிச்சுக்கிச்சு. மூணு பேருமே மூச்சை விட்டோம்.

ஆனா லைட்டைப் போடல அவரு. "இன்னைக்கு ஒரு நாள் டார்ச்சை அடி. பேட்டரி இப்பதான் உயிர் வந்து கிடக்கு. லைட்டைப் போட்டு வண்டி நின்னு போச்சுன்னா உன் பஸ்ஸு போயிரும்"னாரு. அம்மா டார்ச்சை அடிச்சுது. ஊரைத் தாண்டுனோம். பனி முகத்துல ஈரத்துணி மாதிரி ஒட்டுச்சு. ஒரு வளைவுல எதிர்ல இருந்து லாரி ஒண்ணு, நாங்க இருக்கிறதே தெரியாம, ரோட்டை முழுசா எடுத்துக்கிட்டு வந்துச்சு. அப்பா வண்டியை மண்ணுல இறக்கிட்டாரு. லாரி எங்க முழங்கையை உரசுற மாதிரி போச்சு.

வண்டி ஓரத்துல நின்னுச்சு, எஞ்சின் மட்டும் ஓடிக்கிட்டு. அம்மா டார்ச்சை அணைச்சிடுச்சு.

"என்ன செய்யுத? டார்ச்சைப் போடு."

"நான் போட மாட்டேன். நீங்க லைட்டைப் போடுங்க."

ஒண்ணுமே தெரியல. இருட்டுல எஞ்சின் சத்தம்தான் கேட்டுச்சு. அப்பா கை என் கையை உரசிக்கிட்டு சுவிட்ச்கிட்ட போய் நின்னுச்சு. போட்டாரு. முன்னாடி பனி முழுக்க வெள்ளையாச்சு. புளியமரம் தெரிஞ்சுது, ரோட்டோர வெள்ளைக் கல்லு தெரிஞ்சுது. முள்ளு சடார்னு மைனஸ் பக்கம் விழுந்துச்சு. எஞ்சின் ஒரு தடவை இருமுச்சு. அப்பா கொஞ்சம் முறுக்குனாரு. முள்ளு எழுந்து, ஆடி ஆடி, நடுக்கோட்டுல வந்து நின்னுச்சு.

"அப்பா, நடுவுல நிக்குது"ன்னேன்.

"நிக்கட்டும் ஏட்டி"ன்னாரு.

பிரிவுக்குப் போய்ச் சேந்தோம். பஸ் இன்னும் வரல. அங்க நின்ன பொம்பளைங்க எல்லாம் அம்மாவைப் பார்த்ததும் இடம் விட்டு நகர்ந்தாங்க. அப்பா எஞ்சினை அணைக்கல, லைட்டையும் அணைக்கல. சும்மா ஹேண்டிலைப் பிடிச்சுக்கிட்டு நின்னவரு, அம்மா முகத்தைப் பார்க்காம பேசுனாரு. "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். வண்டி கிளம்பாத அன்னைக்கெல்லாம் எனக்கு உள்ளுக்குள்ள ஒரு நிம்மதிதான். இன்னைக்காவது நீ கொஞ்சம் தூங்குவேல்லான்னு. எங்க அண்ணன் உன்னை வேலையை விடச் சொன்னப்ப நான் சரின்னதும் அதுக்குத்தான். உன்னை அலையவிட்டு ஓஞ்சுபோக வச்சிரக் கூடாதுன்னு நினைச்சேன்."

எங்கப்பா அப்படிப் பேசி நான் அதுக்கு முன்னாடி கேட்டதில்ல. அம்மா மேல அவ்வளவு ஆசை வச்சிருந்த மனுசன், அந்த ஆசைக்கு அவருக்குத் தெரிஞ்ச ஒரே வழி லைட்டை மாதிரி அணைச்சு வைக்கிறதுதான்னு அந்த வயசுல எனக்கு எப்படித் தெரியும். இப்பதான் தெரியுது, அவரு இல்லாத இந்த வீட்ல உக்காந்து எழுதுறப்ப.

தூரத்துல பஸ்ஸோட ரெண்டு மஞ்சக் கண்ணு தெரிஞ்சுது. அம்மா சாப்பாட்டுக் கூடையை எடுத்துக்கிட்டு, என் குல்லாயைச் சரி பண்ணிட்டு, அப்பாகிட்ட திரும்புச்சு. கோவமா இல்ல. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டுது.

"என்னை மிச்சம் பிடிச்சு வச்சு, யாருக்குங்க குடுக்கப் போறீங்க?"

பஸ் வந்து நின்னுச்சு. பொங்கல் முடிஞ்சு அம்மா வேலை பெர்மனென்ட் ஆச்சு, தலை நரைச்சு ரிட்டையர் ஆகிற வரைக்கும் அதே பஸ்லதான் போச்சு, ஆனா அதெல்லாம் அப்புறம். அன்னைக்கு நானும் அப்பாவும் ஜன்னல் ஜன்னலா தேடுனோம். அம்மா எங்களைத் தேடல. ஜன்னலோரமா உக்காந்து, பக்கத்துல இருந்தவங்க தொடையைத் தட்டி என்னமோ சொல்லிக்கிட்டு, பஸ் கிளம்புறதுக்குள்ளயே சிரிக்க ஆரம்பிச்சிருந்துச்சு.